படத்தில் நிற்பவர் யார்?

பழைய படங்களைக் காண்பதில் மக்களுக்கு அண்மைக் காலத்திலே பெருவிருப்பம் பிறந்திருக்கின்றது. நூறாண்டுகளுக்கு முந்திய பினாங்குத் துறைமுகம், மாட்டு வண்டி ஓடிய பட்டணத்து வீதி, புகை கக்கும் கரும்பாலை, காட்டு யானை, வேட்டையில் வீழ்ந்த புலி, இவற்றில் எதன் படமாயினும் "அரிய படம்" என்ற முத்திரையோடு கைக்குக் கை மாறுகின்றது, உணவுச் சாலைகளின் சுவரிலே ஏறுகின்றது, நாட்காட்டியிலே அச்சாகின்றது. காண்போர் ஒரு பெருமூச்செறிந்து, "அந்தக் காலம் அந்தக் காலந்தான்!" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போகின்றனர். அந்தப் பெருமூச்சை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

புக்கிட் மெர்தாஜாமிலே ஓர் உணவுச் சாலை. அதன் சுவரிலே ஆள் உயரத்திற்குப் பெருக்கி மாட்டப்பட்ட பழைய படம் ஒன்றைக் கண்டோம். தொப்பி அணிந்த துரை ஒருவர் துப்பாக்கியை ஊன்றி நிற்கின்றார்; அவருடைய காலணி புலியின் தலைமேல் இருக்கின்றது. பின்னால் ஆறு தமிழர்கள். இடையிலே ஒரு துண்டு, தலையிலே ஒரு முண்டாசு, தோளிலே புலியைச் சுமந்துவந்த மூங்கில். படத்தின் அடியிலே எழுதியிருந்ததைப் படித்தோம். துரையின் பெயர் இருந்தது. புலி மூக்கிலிருந்து வால் நுனிவரை எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்பதும் இருந்தது. அந்த அறுவருக்கு? "கூலிகள்" என்ற ஒரு சொல். புலிக்கேனும் அளவு இருந்தது. மனிதருக்கு அதுவும் இல்லை!

அப்படத்தின் முன்னே நின்று தன்னைத் தானே படம் பிடித்துக் கொண்டிருந்த ஒரு தமிழ் இளைஞரை, "தம்பி, பின்னால் நிற்கிறவர்கள் யார்?" என்று கேட்டோம். "யாரோ தோட்டத்து ஆளுங்க, ஐயா" என்றார். "தம்பிக்கு எந்த ஊர்?" "இங்கேதான், அல்மா. தாத்தா அல்மாத் தோட்டத்திலே பால்மரம் வெட்டினவர்." தோட்டத்து ஆளின் பேரன் தோட்டத்து ஆளை "யாரோ" என்கின்றான். அவ்விளைஞரை நாம் குறை கூறவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் விட்டார்கள். அந்த "யாரோ" என்ற சொல்லே நம்மவருடைய வரலாற்றின் முழுத் தலைப்பாக முடிந்துவிடுமோ என்பதே நமது அச்சம்.

இவ்வூர் என்ன, வரலாறற்ற ஊரா? கெடா சுல்தானிடமிருந்து 1800-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கும்பினியார் பெற்று, புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று பெயரிட்ட கரை இது. இன்று செபராங் பிறை எனப்படுகின்றது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இங்கே வெள்ளையர் கரும்புத் தோட்டங்கள் பெருகின. சதுப்பை வெட்டி, வாய்க்கால் தோண்டி, கரும்பு நட்டு, ஆலையிலே வேகவைத்தவர்கள் யார்? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் மக்கள். ஒப்பந்தத்தால் கட்டுண்டு வந்த அவர்களைச் சஞ்சிக்கூலிகள் என்றனர். அந்த ஒப்பந்த முறை 1910-ஆம் ஆண்டிலே ஒழிக்கப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. சஞ்சி போய்க் கங்காணி வந்தான். கங்காணி முறையும் 1938-இல் நின்றது. பின்னர்த் தோட்டங்களும் ஒவ்வொன்றாய் மறைந்தன. பத்து காவானில் கரும்பும் செம்பனையும் நின்ற நிலத்திலே இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014-இல் திறந்த இரண்டாவது பினாங்குப் பாலம் அங்கேதான் கரையேறுகின்றது. அல்மா இன்று வீடுகளும் கடைகளும் நிறைந்த பேட்டை. லயம் இல்லை, பெரட்டுக் களம் இல்லை, ஆலைப் புகைபோக்கி இல்லை. எஞ்சியிருப்பவை சில படங்களே. ஆதலின் அப்படங்களை எவ்வாறு படிப்பது என்பது பொழுதுபோக்கான வினா அன்று.

முதலிலே படம் எடுத்த முறையை அறிதல் வேண்டும். "படம் பொய் சொல்லாது, அக்காலத்தார் எவ்வளவு அடக்கமாய், அமைதியாய் நிற்கின்றார்கள், பாருங்கள்!" என்று வியப்பவர்கள் பலர். அது அமைதியன்று, அன்பர்களே! அக்காலத்துக் கருவி கண்ணாடித் தகட்டிலே மருந்து பூசி, ஈரம் உலருமுன் எடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்திலே கழுவ வேண்டிய கருவி. நல்ல வெயிலிலும் அதற்குச் சில விநாடிகள் வேண்டும். அச்சில விநாடிகளில் அசைந்தவன் படத்திலே புகையாகிவிடுவான். படக்கூடங்களிலே செல்வர்க்குத் தலை அசையாதிருக்கக் கழுத்தின் பின்னே இரும்புத் தாங்கி வைத்தார்கள். தோட்டத்து மக்களுக்குத் துரையின் கட்டளையே தாங்கி! சிரித்த முகத்தைச் சில விநாடிகள் அசைக்காமல் வைத்திருக்க எவராலும் இயலாது. ஆகையால் அவர்கள் சிரிக்கவில்லை. அழுத முகத்தையும் அவ்வாறு வைத்திருக்க இயலாது. ஆகையால் அழவும் இல்லை. இவ்விரண்டும் இல்லாத முகத்தைக் கண்டு, "மனநிறைவு" என்று பொருள் கூறுதல் எத்துணைப் பேதைமை!

காட்டு விலங்கின் நிலை இதனினும் கொடிது. நில் என்றால் புலி நிற்குமா? யானை நிற்குமா? நிற்காத உயிரை அக்கருவி பிடிக்காது. எனவே முதலில் கூண்டிலே அடைக்க வேண்டும், அல்லது கொல்ல வேண்டும். "பழங்காலத்து வன விலங்குகளின் அரிய படங்கள்" என்று நாம் வியந்து காண்பவற்றுட் பெரும்பாலானவை பிணங்களின் படங்கள் என்பதை மறத்தலாகாது. செத்ததும், அசையாதே என்று நிறுத்தப்பட்டதுமே அக்கருவிக்கு உகந்தவை. புலியும் கூலியும் ஒரே படத்திலே இடம் பெற்ற காரணம் இப்பொழுது விளங்குகின்றதன்றோ?

இது நமது கற்பனை என்று யாரும் கருதவேண்டா. சென்னை இராணுவத்திலே பணிபுரிந்த ஹூப்பர் என்னும் அதிகாரி 1870களிலே புலி வேட்டைக் காட்சிகளை வரிசையாகப் படமாக்கிப் புகழ் பெற்றவர். அதே ஹூப்பர்தான் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை விழுங்கிய பெரும் பஞ்சத்திலே எலும்பும் தோலுமான ஆணையும் பெண்ணையும் குழந்தையையும் கூட்டங்கூட்டமாய் உட்கார வைத்துப் படம் எடுத்தவர். ஒரே கை, ஒரே கருவி, ஒரே கண். புலியும் அடுக்கப்பட்டது, பட்டினியும் அடுக்கப்பட்டது. பஞ்சத்துக்குத் தப்பியவர் பலர் கடல் கடந்து ஓடினர். அவர்களிற் பலர் வந்து சேர்ந்த கரைகளுள் இதுவும் ஒன்று. இங்கும் அவர்களை அதே கண் எதிர்கொண்டது; "கிளிங்" என்ற அடைமொழி மட்டும் புதிதாய்க் கிடைத்தது.

இன்னொரு செய்தி உண்டு. தமிழர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி. ஜான் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், பின்னாளிலே சீனப் படங்களால் உலகப் புகழ் பெற்றவர், 1862-ஆம் ஆண்டிலே கிழக்கே வந்து, பினாங்கிலும் இந்தச் செபராங் பிறைக் கரையிலும் பத்து மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். மனிதக் கை தீட்டாமலே உருவம் தோன்றுவது பேய்த் தொழில் என்று அஞ்சி இங்கிருந்த சீனர்கள் அவரிடம் வேலைக்கு வர மறுத்தனராம். அப்போது அவர் பழக்கிக் கொண்டவர்கள் யார்? மதராஸ்காரர் இருவர்! அவர்களே அவருடைய படங்களை அச்சிட்டு, உதவியாளராயிருந்தனர் என்று 1875-இல் வெளிவந்த தமது பிரயாண நூலிலே அவரே எழுதியிருக்கின்றார். முட்டை வெண்கருவும் வெள்ளி உப்பும் பூசிய தாளைக் கண்ணாடித் தகட்டின்கீழ் வைத்து, வெயிலிலே காய்ச்சி, நிறம் ஏறும் கணத்தைக் கண்ணாலேயே அளந்து, மருந்திலே நிலைநிறுத்திப் பன்முறை கழுவி எடுக்கும் தொழில் அது. சற்றே தவறினால் படம் கெடும். பிறர் பேய் என்று ஓடிய கலையை அறிவென்று கண்டு கற்ற தமிழர் இருவர் 1860களிலேயே இம்மண்ணில் இருந்தனர் என்றால், அது நாம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத்தக்க செய்தியன்றோ? ஆனால் அவர்கள் பெயர் என்ன? நூலிலே இல்லை. தாம்சனுடைய கண்ணாடித் தகடுகள் இலண்டன் வெல்கம் நூலகத்திலே போற்றிக் காக்கப்படுகின்றன; அவற்றின் படிகளை இன்று எவரும் கையிலுள்ள பேசியிலேயே கண்டு களிக்கலாம். தமிழர் இருவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

நிற்க. கருவி மாறிற்று, அதனோடு காட்டைக் காணும் கண்ணும் மாறிற்று. அமெரிக்காவிலே ஜார்ஜ் ஷைராஸ் என்பார் இரவிலே ஒளி பாய்ச்சி எடுத்த உயிருள்ள விலங்குகளின் படங்கள் 1906-இல் வெளிவந்தன. இந்தியக் காட்டிலே சாம்பியன் என்னும் வன அதிகாரி, புலியின் காலே கம்பியை இடறித் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளுமாறு கருவி அமைத்து, 1927-இல் அப்படங்களை நூலாக வெளியிட்டார். தமிழரும் பின்தங்கவில்லை. சமூகச் சீர்திருத்த நாவல்கள் எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996), பல உறுப்புகளைத் தாமே இணைத்துச் செய்த கருவியைத் தோளில் சுமந்து, யானைகளை அவை வாழும் நிலையிலேயே கருப்பு வெள்ளையிலே பதிவு செய்தார். துப்பாக்கி இல்லை, காலின்கீழ்த் தலை இல்லை, பொறுமை ஒன்றே அவருடைய ஆயுதம்.

ஆனால் கண் மாறுமுன் எவ்வளவு அழிந்துவிட்டது! மலாயாவின் கடைசி ஜாவாக் காண்டாமிருகம் என அறியப்பட்டது 1932-இல் பேராக்கிலே ஒரு காட்சிசாலைக்காகச் சுடப்பட்டது. மலேசியாவின் கடைசிச் சுமத்திராக் காண்டாமிருகம் 2019 நவம்பரிலே சபாவில் மாண்டது. 1950களிலே 3,000 வரை இருந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்ட மலாயாப் புலிகள், 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பின்படி 150-க்கும் குறைவு. "அந்தக் காலம் பொற்காலம்" என்று பெருமூச்செறிபவர்கள் இதற்கு விடை கூறட்டும். அப்பொற்காலத்தின் செயல்தானே இன்றைய வறுமை? உணவுச் சாலைச் சுவரிலே தொங்குவது இழந்த செல்வத்தின் படமா, அதை இழக்கச் செய்த கையின் படமா?

மற்றொன்று கேளுங்கள். அந்தக் கணக்கெடுப்பு எப்படி நடந்தது? காட்டிலே மறைத்து வைத்த கருவிகள் புலிகளைப் படம் பிடித்தன. ஒரு புலியின் வரி மற்றொரு புலிக்கு இல்லை. ஆதலால் வரியைக் கொண்டு, இது இன்ன புலி, அது இன்ன புலி என்று ஆராய்ச்சியாளர் தனித்தனியே அடையாளம் காண்கின்றனர். மிக நன்று, போற்றுகின்றோம். ஆனால் நம் பாட்டியின் படத்திலே? "தமிழ்க் கூலிப் பெண்." நம் பாட்டனின் படத்திலே? "பால்மரம் வெட்டும் கூலி." காட்டுப் புலிக்கு ஆளடையாளம் கிடைத்துவிட்ட காலத்திலே, நாட்டைத் திருத்திய மனிதனுக்கு அது கிடைக்கவில்லை. இது யார் குற்றம்?

வெள்ளையன் குற்றம் என்று சொல்லி முடித்துவிட்டால் நமக்கு எளிது. அவன் குற்றத்தைச் சொன்னோம். இனி நம் குற்றத்தைச் சொல்வோம்.

"படம் பிடித்தால் ஆயுள் குறையும்" என்று அஞ்சி உயிரோடிருந்த தாயைப் படம் எடுக்காமல், இறந்தபின் பிணத்தை நாற்காலியிலே சாய்த்து வைத்துப் படம் எடுத்தவர்கள் யார்? நாம். கண்ணாடி உடைந்த படம் வீட்டுக்கு ஆகாது என்று ஆற்றிலே விட்டவர்கள் யார்? நாம். புதுவீடு புகுந்த நாளிலே கட்டிலடித் தகரப் பெட்டியைத் திறந்து பாராமலே குப்பை வண்டியிலே ஏற்றியவர்கள் யார்? நாம். பேயென்று அஞ்சாமல் தாம்சனிடம் தொழில் கற்ற அந்த இருவருக்கு நாம் எவ்வகையிலே வாரிசுகள்?

இன்னும் சொல்வோம். நம்மவருள் சற்றே செழித்தவர் எடுத்த குடும்பப் படங்களைப் பாருங்கள். நடுவிலே நாற்காலியில் கங்காணியார் அல்லது கிராணியார். கைத்தடி, கடிகாரச் சங்கிலி. பக்கத்திலே மனைவி, அவருக்குப் பெயர் "இன்னாரின் சம்சாரம்". ஓரத்திலே, பாதி உடல் சட்டத்துக்கு வெளியே, குழந்தையை இடுக்கிய வேலைக்காரச் சிறுமி. அவளுக்கு அதுவும் இல்லை. துரை நமக்குச் செய்ததை நாம் நம் பெண்களுக்கும் நமக்குக் கீழென்று எண்ணியவர்களுக்கும் செய்தோம். பெயரைப் பறிப்பதிலே வெள்ளையனுக்கு மட்டும் உரிமை இருந்ததில்லை.

"கூலிகளின் பெயரை அறிந்து ஆவதென்ன? வரலாறென்பது அரசரையும் தலைவரையும் பற்றியதன்றோ?" என்பாரும் உளர். ஓர் ஊரை அரசன் பெறுகின்றான், தருகின்றான், ஆக்குபவன் வேறொருவன். புக்கிட் மெர்தாஜாமைக் கெடாவோடும் தெற்கோடும் இணைக்கும் இரும்புப் பாதையைச் சுல்தானும் வெட்டவில்லை, கவர்னரும் வெட்டவில்லை. வெட்டியவனுக்குக் கல்வெட்டு இல்லை, பட்டயம் இல்லை, நாட்குறிப்பு எழுத எழுத்தும் அவனுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவன் விட்டுச் சென்றது ஒரு முகம். அதுவும் பிறன் எடுத்த படத்திலே. அம்முகத்தோடு பெயரும் சேர்ந்தால், "இந்நாட்டுக்கு நீ எப்போது வந்தாய்?" என்று கேட்பவருக்கு நம் பிள்ளை விடை கூறுவான். பெயர் சேராவிட்டால் அது சுவர் அலங்காரம்.

"இதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், சுவடிக்கூடம் இருக்கின்றது" என்று தட்டிக் கழிப்பாரும் உளர். கோலாலம்பூரிலே தேசியச் சுவடிக்கூடம் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலே மலாயாத் துரைமார் சேர்த்த படங்கள் பெட்டி பெட்டியாய் உண்டு. அவை தாளைக் காக்கும், தகட்டைக் காக்கும். இடப்பக்கம் மூன்றாவதாய் நிற்பவள் அஞ்சலையா, முனியம்மாவா என்பதை எந்தச் சுவடிக்கூடம் சொல்லும்? அதைச் சொல்ல வல்லவர் உங்கள் வீட்டுத் திண்ணையிலே, எண்பத்தைந்து வயதிலே, கண் மங்கி அமர்ந்திருக்கின்றார். அவர் போனால் அந்தச் சுவடிக்கூடம் எரிந்தது போலத்தான்.

ஆகவே நாம் வேண்டுவது பெரிய காரியம் அன்று. வீட்டிலுள்ள பழைய படங்களை இந்த ஞாயிறே வெளியில் எடுங்கள். முதியவர் பக்கத்திலே அமருங்கள். ஒவ்வொருவராய்ச் சுட்டிக் கேளுங்கள். படத்தின் பின்புறத்திலே மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். மை பேனா வேண்டா, அது முன்பக்கம் ஊறிப் படத்தைக் கெடுக்கும். இடமிருந்து வலமாகப் பெயர், தமிழ்நாட்டில் பிறந்த ஊர், தோட்டத்தின் பெயர், தெரிந்தால் ஆண்டு. பெண்ணுக்கு அவளுடைய பெயரையே எழுதுங்கள்; கணவன் பெயரால் மூடாதீர்கள். சாதிப் பட்டம் வேண்டா. செய்த வேலையை எழுதுங்கள். பின்னே மரமோ மாடோ நாயோ பறவையோ இருந்தால் அதையும் கேளுங்கள். அந்த ஓடையிலே என்ன மீன் இருந்தது, அந்தக் காட்டிலே எது உலவிற்று என்று முதியவருக்குத் தெரியும். முதியவர் சொல்வதைப் பேசியிலே பதிந்து கொள்ளுங்கள். பசை தடவி ஒட்டாதீர்கள். ஈரத்திலும் கறையான் வாயிலும் விடாதீர்கள். படங்களைச் சுவரிலே மாட்டும் வணிகர்களுக்கும் ஒன்று சொல்வோம்: மாட்டுங்கள், தடையில்லை; ஆனால் "இவர்களை அறிந்தோர் தெரிவிக்க" என்று ஒரு வரி அதனடியிலே எழுதுங்கள். அவ்வூரிலே அறிந்தவர் எவரேனும் காப்பி குடிக்க வருவார்.

புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்திலே, செரோக் தோக் குன்னிலே, ஒரு பாறை உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமையுடைய தென்னிந்திய எழுத்து மரபிலே அதன்மேல் வரிகள் வெட்டப்பட்டிருக்கின்றன; 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலே ஜேம்ஸ் லோ என்னும் அதிகாரி அதை உலகுக்கு அறிவித்தார். கடல் கடந்து வந்த எவனோ ஒருவன், உளியும் சுத்தியும் கொண்டு, கருங்கல்லோடு போராடித் தன் எழுத்தை இங்கே விட்டுச் சென்றான். அதே மலையின் நிழலிலே வாழும் நாம், கையிலே பென்சில் இருந்தும், காகிதத்தின் பின்னே நான்கு பெயர் எழுதச் சோம்பிக் கிடக்கின்றோம்.

தாம்சனிடம் தொழில் கற்ற இருவரின் பெயர் போய்விட்டது. எவர் தேடினும் இனி அரிது. மூங்கில் சுமந்த அறுவரின் பெயரும் ஒருவேளை போய்விட்டிருக்கும். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலே இருப்பவர்களின் பெயர் இன்னும் போகவில்லை. அதை அறிந்தவர் இன்று உயிரோடிருக்கின்றார். போய்க் கேளுங்கள்.